எழுபத்திரண்டில் ஒரு பங்கு

திருகோணமலை என்றவுடன் எவருக்கும் துறைமுகமும் கோணேசர் மலையும் நினைவுக்கு வரும். எங்களூருக்கும் ஆகாயத்துக்கும் இருந்த உறவைப் பற்றிப் பேசுவோர் குறைவு. துறைமுகத்தின் உட்குடாக்களில் ஒன்றான சீனன்குடாவின் கரையில் பிரித்தானியர் அமைத்த விமானத்தளமே அந்த உறவின் தொடக்கம்.

1942 ஏப்ரல் 4ஆம் திகதி, கொக்கலையிலிருந்து புறப்பட்ட கட்டலினா என்ற பறக்கும் படகின் கனேடிய விமானி லெனார்ட் பேர்ச்சல், இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்த ஜப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பினார். மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டது. 9ஆம் திகதி எங்கள் முறை. ஜப்பானின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய விமானங்கள் துறைமுகத்தின் மீதும் சீனன்குடாவின் மீதும் குண்டுகளை வீசின. இங்கிருந்து எழுந்த ஹரிக்கேன்கள் எதிர்த்துப் போரிட்டன. முந்தைய நாள் துறைமுகத்தை விட்டு வெளியேறியிருந்த ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. அப்போது அதில் ஒரு விமானமும் இருக்கவில்லை. ஜப்பானிய விமானமொன்று எண்ணெய்க் குதத்தின் மீது வீழ்ந்து வெடித்த கதையைத் திருகோணமலைப் பிள்ளைகள் தங்கள் பாட்டன்மாரின் வாயிலாகக் கேட்டே வளர்ந்தனர்.

அந்தக் கதையைக் கேட்டு விமானப் பித்தனாகிப் போனவன் என் பள்ளித் தோழன் ஒருவன். 1960களில் சீனன்குடாவில் அரச இலங்கை விமானப்படையின் பயிற்சி விமானங்கள் பறந்தன. கொழும்பிலிருந்து எயர் சிலோனின் டக்கோட்டாக்கள் வந்துபோயின. வகுப்பறையில் இருந்தபடி, ஓசையை மட்டும் கேட்டு வருவது இன்ன விமானம் என்று சொல்லிவிடுவான். கணக்கு வாத்தியார்கூடச் சில வேளை பாடத்தை நிறுத்திவிட்டு யன்னலால் எட்டிப் பார்த்து, அவன் சொன்னது சரிதான் என்று ஒப்புக்கொள்வார்.

கப்பலில் வேலை பார்த்த அவனுடைய மாமா ஒருமுறை சிங்கப்பூரிலிருந்து எயர்ஃபிக்ஸ் பெட்டியொன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். 1/72 அளவில் ஒரு ஸ்பிட்ஃபயர். இந்த 72க்கு ஒரு காரணம் உண்டு. ஆறு அடி என்பது 72 அங்குலம். ஆகவே ஆறடி மனிதன் அந்த அளவில் சரியாக ஓர் அங்குல உயரமாவான். இதை எனக்கு விளக்கியவனும் அவனே. 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டில் வெளிநாட்டு விளையாட்டுப் பொருட்கள் கடைகளிலிருந்து மறைந்தபோது, முள்முருக்கு மரத்தைச் செதுக்கித் தானே விமானங்கள் செய்யத் தொடங்கினான். அவன் செய்த டக்கோட்டாவின் இறக்கை 40 சென்ரிமீற்றர் இருந்தது. உண்மையான டக்கோட்டாவின் 95 அடியை 72ஆல் வகுத்துப் பாருங்கள், அதே அளவுதான் வரும்!

1984இல் அவன் நாட்டை விட்டுச் சென்றான். எயர் லங்காவின் ட்ரைஸ்டாரில் ஏறிப்போனான். பத்து மர விமானங்களும் வீட்டு அலுமாரியின் மேல் இருந்தன. பின்னர் ஒருநாள் எங்கள் பகுதி சுற்றிவளைக்கப்பட்டது. வானொலிப் பெட்டியைத் திருத்துகின்ற பையன் ஒருவனைக் கம்பித் துண்டுகள் வைத்திருந்ததற்காகக் கொண்டுபோனார்கள். அன்றிரவு தோழனின் தாயார் பத்து விமானங்களையும் அடுப்பில் வைத்துவிட்டார். ஒரு பானைத் தண்ணீர் கொதிப்பதற்குக்கூட அந்த விறகு போதவில்லை என்று என்னிடம் கூறினார். "தம்பி, அவன் கேட்டா கறையான் அரிச்சுப் போட்டுதெண்டு எழுதிவிடு" என்றார். நானும் அவ்வாறே எழுதினேன்.

அதன் பிறகு விமானங்களைப் பற்றிப் பத்திரிகையில் நான் எழுதியவை வேறு வகையானவை. 1986 மே 3ஆம் திகதி கட்டுநாயக்காவில் குண்டு வெடித்துச் சிதைந்த ட்ரைஸ்டார். 1995 ஏப்ரலில் பலாலியருகே சுட்டு வீழ்த்தப்பட்ட இரண்டு அவ்ரோக்கள். 1998 செப்ரெம்பர் 29ஆம் திகதி யாழ்ப்பாணத்திலிருந்து 55 பேருடன் புறப்பட்டு மன்னார்க் கடலில் வீழ்ந்த லயன் எயர். 2001 ஜூலை 24ஆம் திகதி கட்டுநாயக்காவில் எரிந்த எயர்பஸ்கள். வடக்கிலோ ஓசையைக் கேட்டு விமானத்தை இனங்காணும் வித்தை சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கும் கைவந்திருந்தது. பொம்மர் எது, சகடை எது என்று சொல்லிவிட்டுப் பதுங்குகுழிக்கு ஓடினார்கள். வகுப்பறையில் நாங்கள் வியந்த திறமை, உயிர் தப்புவதற்கான திறமையாகிவிட்டது.

பயணிகள் விமானமும் எங்கள் மக்களுக்கு வெறும் இயந்திரமாக இருக்கவில்லை. கொழும்பிலிருந்த பயண முகவர்களின் மேசைகளில் கம்பித் தாங்கியின் மேல் அழகான மாதிரி விமானங்கள் நிற்கும். பிள்ளையை அனுப்புவதற்குக் காணியை விற்ற காசுடன் வந்திருந்த எத்தனையோ தாய்மார் அதையே பார்த்தபடி காத்திருந்ததை நான் கண்டிருக்கிறேன். மகன் போன வழி அது.

போர் முடிந்த சில ஆண்டுகளின் பின் தோழன் ரொறன்ரோவிலிருந்து வந்தான். தாயார் அப்போது இல்லை. கறையான் கதையை நானே எடுத்தேன். அவன் சிரித்தான். "மரத்தைக் கறையான் அரிக்கும். நான் பூசின எனாமலை அரிக்குமோ? ஒரு துண்டாவது மிஞ்சியிருக்கும். கடிதம் வாசிச்சவுடனே விளங்கிட்டுது. அம்மாவிட்ட நான் கேக்கேல்லை" என்றான்.

விமானத்தில் விருப்பம் இன்னமும் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். எத்தனையோ பேருக்கு விமானம் என்றாலே நெஞ்சு பதறுகிறதே என்றேன். சற்று யோசித்துவிட்டுச் சொன்னான். "விமானம் என்னத்தைச் சுமக்க வேணுமெண்டு அது தீர்மானிக்கிறதில்லை." அவன் கூறியதை நான் முழுமையாக ஏற்கவில்லை. குண்டு வீசுவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட விமானங்களும் உண்டல்லவா? ஆயினும் அவனுடைய பத்து விமானங்களை எரித்த அச்சத்துக்கு அந்த மரத்துண்டுகள் எவ்வகையிலும் பொறுப்பல்ல என்பதை மறுக்க என்னால் இயலவில்லை.

இப்போது அவன் கட்டலினா ஒன்றைச் செய்து முடித்திருக்கிறான். இறக்கை 44 சென்ரிமீற்றர். 1942 ஓகஸ்டில் சீனன்குடாவில் மீண்டும் உருவாக்கப்பட்ட 321ஆம் இலக்க டச்சுப் படையணி பறந்த வகை அது. திருகோணமலைக்கே அதைக் கொடுக்க விரும்புகிறான். எங்கே வைப்பது? இரத்மலானையில் விமானப்படையின் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆனால் எங்களூரின் ஆகாய வரலாற்றை எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்கின்ற ஓர் அறையேனும் இங்கே வேண்டும். ஒரு பாடசாலையோ பொது நூலகமோ ஒரு கண்ணாடி அலுமாரியை ஒதுக்கினாலே தொடங்கிவிடலாம். முதல் விமானம் ஆயத்தமாக இருக்கிறது.