அடைக்கு அமர்ந்த கோழி

அடைக்கு அமர்ந்த கோழியை ஒரு நோயாளியாகக் கருதும் வழக்கம் நம்மிடையே இருந்து வருகிறது. முட்டையிடுவதை நிறுத்திவிட்டு, இறகைச் சிலிர்த்துக்கொண்டு, வெறுங்கூடையிலும் போய் உட்கார்ந்துகொள்ளும் அதனை வழிக்குக் கொண்டுவரத் தண்ணீரில் முக்கி எடுப்போரும், மூக்குத் துளையில் இறகைச் செருகிவிடுவோரும் உளர். நெமிலிச்சேரியில், இருப்புப் பாதைக்கு அப்பால் உள்ள நம் இல்லத்துச் செங்கோழி சென்ற தை மாதத்தில் அடைக்கு அமர்ந்தபோது, அண்டை வீட்டார் இவ்விரு வைத்தியங்களையும் அன்போடு எடுத்துரைத்தனர். அவர்கள் கணக்கிலும் நியாயம் உண்டு. நாட்டுக்கோழி ஒரு முறைக்குப் பத்துப் பதினைந்து முட்டை இடும். அதன்பின் அடையும் குஞ்சு வளர்ப்புமாக மூன்று மாதம் ஒரு முட்டையும் இராது. அம்முட்டைகளை விற்றே வீட்டு நன்னி தம் வெற்றிலைச் செலவையும் வெள்ளிக்கிழமை ஸதகாவையும் பார்த்துக்கொண்டு வந்தார். ஆகவே முடிவும் அவருடையதாயிற்று. "அது கேக்குறது அதோட ஹக்கு. குடுத்துத்தான் ஆவணும்" என்றார்.

ஹக்கு என்னும் அச்சொல் நம்மைச் சிந்திக்க வைத்தது. தாய்மாருக்குப் பால் சுரக்கத் துணை நிற்கும் புரோலாக்டின் என்னும் அதே சுரப்புதான் கோழியை அடையில் அமர்த்துகிறது. லெகார்ன் போன்ற முட்டை இனங்களில், அடைக்கு அமராதவற்றையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்த்து, இவ்வியல்பை ஏறத்தாழ இல்லாமலே ஆக்கிவிட்டனர். நம் தெருவில் சாயம் பூசி விற்கப்படும் குஞ்சுகள் பெரும்பாலும் அத்தகைய பண்ணைகள் வேண்டாமென ஒதுக்கிய சேவல் குஞ்சுகள்; தாயின் சூட்டை ஒரு நாளும் அறியாதவை. குஞ்சுகளைப் பறிகொடுத்துச் சிறகடித்துத் தவித்த சிறு பறவையொன்றைக் கண்டு, அவற்றைத் தாயிடமே சேர்க்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களைப் பணித்த செய்தி அபூதாவூதின் தொகுப்பில் உள்ளது. கோழிக்கறியை விரும்பி உண்ணும் நாமும் அதனை மறத்தற்கில்லை.

மாலை மங்கியபின் கூடையில் மணலும் வைக்கோலும் பரப்பி, ஒரு வாரத்திற்கு உட்பட்ட முட்டைகள் 11 வைத்தோம். நன்னி ஓர் இரும்புத் துண்டையும் இரண்டு மிளகாய் வற்றலையும் போட்டார். இடி இடித்தால் கரு கலையாதிருக்க இரும்பு வேண்டுமாம்! நாம் வாதாடவில்லை. ஏழாம் இரவு கைவிளக்கின் ஒளியில் பார்த்ததில் ஒன்பதில் செந்நரம்புகள் வலைபோல் ஓடியிருந்தன. வெறுமையான இரண்டை எடுத்துவிட்டோம். நம் வேலை அதனோடு ஏறக்குறைய முடிந்தது. கரு ஓட்டில் ஒட்டிக்கொள்ளாதபடி முட்டைகளைப் புரட்டுவதை அதுவே செய்தது. மார்பின் இறகு உதிர்ந்து வெறுந்தோல் முட்டையைத் தொட்டது. நாளுக்கு ஒருமுறை சிறிது நேரம் இறங்கி, அவசரமாக நாலு வாய் கொத்தி, நீர் பருகி, மீண்டும் ஏறிக்கொண்டது.

இருபத்தோராம் நாள் சுப்ஹுக்கு முன்னரே எட்டுக் குஞ்சுகள் வெளிவந்துவிட்டன. ஒன்பதாவது ஓட்டில் ஒரு துளையோடு நின்றது. பிள்ளைகள் ஓட்டை உரித்து உதவத் துடித்தனர். நன்னி இடங்கொடுக்கவில்லை. உள்சவ்வில் குருதி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். உரித்தால் அக்குருதியே வடிந்து குஞ்சு மடியும். அன்று பொழுது நகர மறுத்தது. உள்ளிருந்து மெல்லிய குரல் எழும்போதெல்லாம் தாய் தாழ்ந்த குரலில் மறுமொழி கூறியது. அஸர் தொழுது திரும்பியபோது குஞ்சு ஈரத்தோடு கூடையில் கிடந்தது.

அவை மஞ்சட்கருவின் மிச்சத்தை வயிற்றில் கொண்டே பிறப்பதால் முதல் நாள் தீனிக்கு அவசரமில்லை. பிறகு அரிசிக் குருணை வைத்தோம். மூழ்கிவிடாதபடி கூழாங்கல் இட்ட தட்டில் நீர் வைத்தோம். பழம்பானையில் கிழிந்த சாக்கும் உலர்ந்த சாணமும் அடைத்து, நீர் தெளித்து, இரவில் கவிழ்த்து வைத்தால் விடியலில் கறையான் நிறைந்திருக்கும். அதைக் கண்ட குஞ்சுகளின் ஆரவாரம் சொல்லி முடியாது.

ஐந்தாம் நாள் காகம் இரண்டைக் கொண்டுபோயிற்று. பருந்தையும் பூனையையும் எதிர்த்துப் பாய்ந்த தாயால் தடுக்க முடியாதது வேறொன்றும் உண்டு: முந்தைய கோடையில் எதிர்த் தெருக் கோழிகளை வாரிக்கொண்டு போன வெள்ளைக் கழிச்சல். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்டறியப்பட்ட அந்நோய், இந்நாட்டில் இமயமலை ஊராகிய ராணிக்கேத்தின் பெயரால் வழங்குகிறது. வந்தபின் மருந்தில்லை. ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து இடுதல் வேண்டும். ஆனால் நமக்குக் கிடைத்த மிகச் சிறிய குப்பி 100 குஞ்சுகளுக்கானது. கலக்கினால் இரண்டு மணி நேரத்திற்குள் தீர்த்தாக வேண்டும். ஏழு குஞ்சுகளை வைத்திருப்பவர் என் செய்வார்? பண்ணைக்காரரை மனத்திற்கொண்டு செய்த அளவு அது. வீடு வீடாகச் சென்று கேட்டோம். பனிக்கட்டியில் வைத்த குப்பியைச் சுற்றி நான்கு வீட்டுக் குஞ்சுகள் 31 கூடின. தண்ணீரில் முக்கச் சொன்ன அண்டை வீட்டு அம்மையாரே ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தார். எஞ்சிய மருந்தைக் கொட்டிவிட நேர்ந்தது.

எட்டாம் வாரத்தில் தாய், நெருங்கி வந்த குஞ்சுகளைக் கொத்தி விரட்டத் தொடங்கியது. பிள்ளைகளுக்கு அது பொறுக்கவில்லை. ஏழும் இரண்டு நாள் கத்திக்கொண்டு பின்தொடர்ந்தன. பிறகு தாமே மேயப் போயின. அவ்வாரக் கடைசியில் கூடையில் வெதுவெதுப்பாக ஒரு முட்டை இருந்தது. நன்னி அதனை எடுத்து முந்தானையில் துடைத்தார்.