சுண்டெலியின் சாட்சியம்



கைக்குழந்தைக்கு மூக்கு ஒழுகுகிறது. இரவில் மூச்சு இரைக்கிறது. 'சளிதானே' என்பர் வீட்டுப் பெரியவர்கள். பல வேளைகளில் அச்சளிக்குப் பின்னே ஆர்.எஸ்.வி. என்னும் வைரஸ் இருக்கிறது. 1956-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆய்வுக்கூடச் சிம்பன்சிகளிடம் முதலில் அறியப்பட்ட இது, அடுத்த ஆண்டே மழலையரிடமும் காணப்பட்டது. குறைமாதக் குழந்தைகளுக்கு இதனால் உயிராபத்தும் நேரலாம்.

முன்பின் கண்டிராத இப்பகையைப் பச்சிளம் உடல் எவ்வாறு அறிகிறது? எதிர்பொருள்கள் உருவாகப் பல நாட்கள் ஆகும். அதுவரை காவல் நிற்பது, வல்ல அல்லாஹ் பிறப்பிலேயே நமக்கு வழங்கியுள்ள எதிர்ப்பாற்றல்.

அக்காவலின் நுட்பம் ஓர் ஈயிடமிருந்துதான் வெளிப்பட்டது. 'டோல்' என்னும் மரபணு பழுதுபட்ட பழ ஈக்கள் பூஞ்சைத் தொற்றால் மடிவதை 1996-இல் பிரான்சில் ஹாப்மன் குழுவினர் கண்டனர். 1998-இல் அமெரிக்காவின் பாய்ட்லர், பாக்டீரியா நஞ்சை உணராத ஒரு சுண்டெலி இனத்தில் அதையொத்த 'டி.எல்.ஆர்.4' என்னும் ஏற்பி பழுதாகியிருப்பதைக் கண்டறிந்தார். 2011-இல் இருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

பாக்டீரியாவை உணரும் இந்த ஏற்பி வைரஸையும் உணருமா? 2000-ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு 'உணரும்' என்றது. ஆர்.எஸ்.வி. நம் உயிரணுவோடு ஒட்டி இணைவதற்குக் கருவியாக இருப்பது 'எஃப்' என்னும் புரதம். அப்புரதம் பட்டதும் காவல் அணுக்கள் டி.எல்.ஆர்.4 வழியே எச்சரிக்கைச் சைகைகளை வெளியிட்டன. அந்த ஏற்பி இல்லாத சுண்டெலிகளின் நுரையீரலிலோ வைரஸ் நீண்ட நாள் தங்கியது. பகைவன் கதவைத் திறக்கக் கொண்டுவந்த சாவியே அவனைக் காட்டிக்கொடுத்தது போலும்!

எம் மத்ரஸாவின் மேல்வகுப்பு மாணவர் ஒருவர் இதைப் படித்துவிட்டுப் பூரித்துப் போனார். "ஹஜ்ரத், இந்த வார பயானில் இதையே ஆயத்துக்கு ஆதாரமாகச் சொல்லப் போகிறேன்" என்றார். அவர் ஆர்வத்தைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் கதை அத்துடன் முடியவில்லையே!

இத்தகைய ஆய்வுகளில் பயன்பட்ட ஓர் எலியினத்துக்கு இன்னோர் ஊனமும் இருந்தது. காவல் அணுக்களைத் தட்டியெழுப்பும் இண்டர்லூக்கின்-12 என்னும் சைகையையும் அதனால் சரிவர ஏற்க இயலாது. ஆக, வைரஸ் தங்கியதற்கு எந்தக் குறை காரணம்? 2004-இல் வேறொரு குழுவினர் இரண்டையும் பிரித்து ஆராய்ந்தனர். பழி பெரிதும் இண்டர்லூக்கின் குறையின் மீதே விழுந்தது. எஃப் புரதத்தைப் பற்றியும் டி.எல்.ஆர்.4 பற்றியும் விவாதம் அதன் பின்னரும் தொடர்ந்தது. ஆய்வாளர்கள் இதை அவமானமாகக் கருதவில்லை. அவர்தம் தொழிலே அதுதான். நாமோ நேற்றைய ஆய்வுத்தாளை இறைவசனத்தோடு முடிச்சுப் போட்டுவிட்டு, நாளை தாள் கிழியும்போது விழிக்கிறோம். முடிச்சுப் போட்டது நம் கை. கேட்பவர் உள்ளத்தில் ஐயம் விழுவதோ வசனத்தின் மீது!

இவ்வளவையும் அம்மாணவரிடம் சொன்னேன். வெகுநேரம் பேசாதிருந்தார். "அப்படியானால் அறிவியலே வேண்டாமா ஹஜ்ரத்?" என்று கேட்டார். "வேண்டும், ஆதாரமாக அல்ல, வியப்பாகச் சொல்லுங்கள். 2004-ஐயும் சேர்த்துச் சொல்லுங்கள்" என்றேன்.

வெள்ளியன்று அவர் காய்ச்சலை ஏசலாகாது என்னும் நபிமொழியைப் பற்றிப் பேசினார். சுண்டெலிக்கு இரண்டே நிமிடம் ஒதுக்கினார். இரண்டு ஆய்வுகளையும் சொன்னார்.