குழாயும் குற்றச்சாட்டும்

புனே நகரம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் இங்கே படிக்க வந்திருக்கும் நாம், ஊரில் இழுத்ததைவிட நூற்றுக்கு ஆறு பங்கு குறைவான காற்றையே ஒவ்வொரு மூச்சிலும் இழுக்கிறோம். நமக்கு அது தெரிவதில்லை. சிங்ககட் கோட்டைக்கு நடந்தே ஏறுகிற நண்பர்களுக்கு வேண்டுமானால் கொஞ்சம் தெரியலாம். மோட்டார் எஞ்சினுக்கோ அது நன்றாகவே தெரியும். எஞ்சினைப் பெட்ரோல் குடிக்கும் எந்திரம் என்று நினைக்கிறோம்; உண்மையில் அது காற்றை உண்டு வாழ்வது. ஒரு கிலோ பெட்ரோல் ஒழுங்காக எரியப் பதினான்கு கிலோவுக்கு மேல் காற்று வேண்டும்.

இந்தக் காற்றுப் பஞ்சத்தைத் தீர்க்க வந்ததுதான் டர்போ. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். எஞ்சின் வேண்டாமென்று வெளியே தள்ளும் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றும். அதே அச்சின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கும். நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகும். 1918-இல் அமெரிக்காவில் சான்ஃபோர்டு மாஸ் என்பவர் ஒரு லிபர்ட்டி விமான எஞ்சினை லாரியில் ஏற்றி, ஏறக்குறைய 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் சிகரத்தின் உச்சிக்கே கொண்டுபோய் ஓட்டிப் பார்த்தார். கீழே 350 குதிரைத் திறன் தந்த எஞ்சின் அங்கே 230-க்கு இறங்கிவிட்டது. டர்போவைப் பூட்டியதும் 356! ஒரு மலையையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்ட அந்த மனிதரை எனக்கு மிகவும் பிடிக்கும்.

சரி, நம் ஊர்ச் செய்திக்கு வருவோம். பிம்ப்ரியில் திருநெல்வேலிக்காரர் ஒருவர் இருக்கிறார். அண்ணாச்சி என்றே வைத்துக்கொள்வோம். முப்பது ஆண்டு உழைத்துச் சேர்த்த பணத்தில், தம் நெடுநாள் ஆசைக்குப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார். இரண்டே கதவு, சிவப்பு நிறம், டர்போ பூட்டிய இரண்டு லிட்டர் எஞ்சின். வண்டியின் பெயர் வேண்டாம், குற்றம் அதனுடையதன்று. சென்ற ஆடி மாதம் ஒரு பட்டறையில் சர்வீசுக்கு விட்டு எடுத்து வந்தார். எண்ணெய் மாற்றினார்கள், காற்று வடிகட்டி மாற்றினார்கள், அவ்வளவுதான். வீடு வந்து சேரும் முன்பே வண்டியின் உயிர் போய்விட்டது என்றார். ஓடுகிறது, ஆனால் முதுகை இருக்கையோடு சேர்த்து அமுக்கும் அந்த வேகம் இல்லை. அம்பாசிடர் ஓட்டுவதுபோல் இருக்கிறதாம்.

பட்டறையில் மறுபடி பார்த்தார்கள். ஸ்கேனரில் பி 0299 என்ற குறி வந்தது. டர்போ போதிய அழுத்தம் தரவில்லை என்பது அதன் பொருள். ஏன் தரவில்லை என்பதை அது சொல்லாது. டர்போ செத்துவிட்டது, புதிது போட லட்சத்திற்கு மேல் ஆகும் என்றார்கள். அண்ணாச்சி கொதித்தார். போகும்போது நன்றாக இருந்தது வரும்போது எப்படிச் சாகும்? தம் டர்போவைக் கழற்றிக்கொண்டு எவனோ பழசை மாட்டிவிட்டான் என்றார். பட்டறைக்காரர், வேலை செய்த பையனைக் கை காட்டிவிட்டுத் தாம் ஒதுங்கிக்கொண்டார். பையனுக்கு வரவேண்டிய இரண்டு மாதச் சம்பளம் நின்றது. போலீசுக்குப் போவதாகவும் பேச்சு நடந்தது.

பையனுக்குப் பத்தொன்பது வயது. பீட் மாவட்டத்துக்காரன், பெற்றோர் கரும்பு வெட்டப் போகிறவர்கள். என்னைத் 'தாதா' என்று கூப்பிட்டான். மராத்தியில் அண்ணனுக்கு அதுதான் சொல். தமிழ் சினிமா பார்த்து வளர்ந்த காதுக்கு முதலில் தூக்கிவாரிப் போடும்! "வடிகட்டிப் பெட்டியைத்தான் கழற்றினேன், தாதா. டர்போவைத் தொடவேயில்லை" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

நான் பௌதிக எம்.எஸ்ஸி. மாணவன், மெக்கானிக் அல்லன். அண்ணாச்சியின் மகளுக்கு ஞாயிறுதோறும் கணக்குச் சொல்லிக் கொடுக்கப் போகிறவன். "தம்பி, நீ படிச்ச பையன். என்னன்னு பாத்துச் சொல்லு. பெறவு போலீசுக்குப் போறேன்" என்றார் அண்ணாச்சி. பொறியியல் நண்பர் ஒருவரிடம் ஸ்கேனர் இரவல் வாங்கிக்கொண்டு போனேன். பையனையும் வரச் சொன்னேன். அண்ணாச்சிக்கு அது பிடிக்கவில்லை.

அளவு சொல்லும் கருவி மெய் சொல்கிறதா என்று பார்ப்பது முதல் வேலை. எஞ்சினை முடுக்காமல் சாவியை மட்டும் திருப்பி அழுத்த உணரியைப் படித்தோம். 942 மில்லிபார் என்றது. புனேயில் காற்றழுத்தம் 950-ஐ ஒட்டியே இருக்கும். மழைக்காலத்தில் இன்னும் சற்று இறங்கும். வானிலைத் துறையின் தலைமையகம் 1928-இல் சிம்லாவிலிருந்து இந்த ஊருக்கு வந்து, பின்பு டில்லிக்குப் போய்விட்டது. சிவாஜிநகர் முனைக்கு 'சிம்லா ஆபீஸ்' என்ற பெயர் மட்டும் தங்கிவிட்டது. அந்த வழியாகத் தினமும் பஸ்ஸில் போகிற எனக்கு இந்த எண் பழக்கமானதுதான். உணரி பொய் சொல்லவில்லை.

ஸ்கேனர் காட்டுவது மொத்த அழுத்தம். அதில் இந்த 942-ஐக் கழித்தால் மிஞ்சுவதே டர்போவின் சம்பாத்தியம். அதற்குத்தான் பூஸ்ட் என்று பெயர். நமக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் பால் தம்ளர்தான் நினைவுக்கு வரும். "1.25 பார் இருக்கிறதே, போதாதா?" என்று பட்டறையில் ஒருவர் கேட்டாராம். அதில் முக்கால் பங்கு வானம் சும்மா தருவதல்லவா?

மறுநாள் அதிகாலை தேஹு ரோடு புறவழிச் சாலைக்குப் போனோம். அண்ணாச்சி ஓட்டினார். பின்னிருக்கை என்ற பெயரில் இருக்கும் பொந்தில் பையன் மடங்கி உட்கார்ந்தான். மூன்றாம் கியரில் 2,000 சுற்றிலிருந்து 4,000 வரை முழு மிதி. வண்டியின் கணிப்பொறி கேட்டது 1,700 மில்லிபார். கிடைத்தது 1,250. 2,500 சுற்றிலும் 1,250, 3,000-இலும் அதுவே, 4,000-இலும் அதுவே. வரைபடம் மேசைபோல் தட்டையாக இருந்தது.

அந்தத் தட்டையைக் கண்டதும் எனக்கு உற்சாகம் பிறந்தது. தேய்ந்த டர்போ இப்படி நடக்காது. கிழமாடு ஏற்றத்தில் இழுப்பதுபோல் அழுத்தம் தயங்கித் தயங்கி ஏறும். காற்றுக் குழாயில் ஓட்டை என்றாலும் அளவு சுற்றுக்குச் சுற்று மாறும். இருந்தாலும் குழாய்களில் காற்றடித்துச் சோப்பு நீர் தடவிப் பார்த்தோம்; சைக்கிள் கடையில் டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பார்ப்பார்களே, அதே வித்தை. ஒரு குமிழியும் இல்லை. பையன் டர்போவின் வாயிலுள்ள குழாயைக் கழற்றி அச்சை விரலால் ஆட்டினான். ஆட்டம் இல்லை. துருவேறிய நட்டுகளில் ஸ்பானர் பட்ட தடமும் இல்லை. அதை அண்ணாச்சியைக் குனிந்து பார்க்கச் சொன்னேன். பார்த்தார், பேசவில்லை.

அழுத்தம் ஒரே அளவில் நிற்கிறதென்றால் எதுவோ அதை நிறுத்துகிறது. டர்போ மிதமிஞ்சிப் போகாமலிருக்கப் புகையின் ஒரு பகுதியைச் சக்கரத்தின்மேல் படாமல் திருப்பிவிடும் கதவு ஒன்று உண்டு. வேஸ்ட்கேட் என்பார்கள். சுருள்வில் ஒன்று அதை மூடி வைத்திருக்கும். டர்போவின் அழுத்தமே ஒரு சிறு குழாய் வழியாக வந்து வில்லைத் தள்ளிக் கதவைத் திறக்கும். இந்த வண்டியின் வில் தாங்குவது ஏறக்குறைய 300 மில்லிபார். அதற்கு மேல் வேண்டும்போது, வில்லைத் தள்ள வரும் அழுத்தத்தைக் கணிப்பொறி ஒரு மின்வால்வின் மூலம் வேறொரு சிறு குழாய் வழியே வடியவிடும். கதவு மூடியே கிடக்கும், அழுத்தம் ஏறும். நாங்கள் கண்டது 1,250-இல் 942 போக 308. வில்லின் அளவேதான்! டர்போ நன்றாக இருக்கிறது, கதவும் நன்றாக இருக்கிறது, வடிய வேண்டியதுதான் வடியவில்லை. வில்லுக்குப் போகும் குழாய் கிழிந்திருந்தால் கதவு திறக்காமல் அழுத்தம் மிஞ்சியிருக்கும். ஆகவே அடைபட்டிருப்பது வடிகுழாய்.

அது எங்கே ஓடுகிறது என்று கேட்டேன். பையன் பதில் சொல்லாமல் வடிகட்டிப் பெட்டியைத் தூக்கினான். பெட்டியின் காலுக்கும் தாங்கிக்கும் நடுவே சப்பையாக நசுங்கிக் கிடந்தது அந்தக் குழாய். பன்னிரண்டு ஆண்டு எஞ்சின் சூட்டில் வெந்த ரப்பர்; பெட்டியை எடுத்த பிறகும் நிமிரவில்லை. பெட்டியை மாட்டியது தான்தான் என்று அவனே சொன்னான். ஒரு சாண் புதுக் குழாயும் இரண்டு கிளிப்புகளும் வாங்கினோம். நான்கு வடாபாவ் விலைதான் ஆயிற்று. மறுபடி ஓட்டியபோது 1,690 வந்தது.

அண்ணாச்சி வண்டியை ஓரமாக நிறுத்தி, சற்று நேரம் கைப்பிடிச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பின்னால் திரும்பி, "ஏலே, சாப்பிட்டியா?" என்று பையனைத் தமிழில் கேட்டார். முப்பது ஆண்டாக மராத்தி பேசுகிறவர்! அவனும் தலையாட்டினான், இல்லையென்று.

போலீஸ் பேச்சு அன்றோடு நின்றது. சம்பளம்? ஒரு மாதத்தது வந்துவிட்டது. மற்றொன்றுக்காக வருகிற சனிக்கிழமை நானும் அண்ணாச்சியும் பட்டறைக்குப் போகிறோம்.