கை எடுத்த பிறகும் ஓடும் கர்சர்

“கையே வைக்கலண்ணா, கர்சர் தானா போய் மூலையில ஒட்டிக்குது.” பொழிச்சலூர், பம்மல், அனகாபுத்தூர் பக்கம் லேப்டாப் பழுது பார்ப்பவர் கத்திரி வெயில் நாட்களில் அடிக்கடி கேட்கும் புகார் இது. கொண்டுவந்த லேப்டாப் பெரும்பாலும் திங்க்பேட். ஏதோ ஒரு கம்பெனி கழித்துவிட்டு, செகண்ட் ஹேண்டில் இரண்டு மூன்று கை மாறி வந்திருக்கும். கீபோர்டில் ஜி, எச், பி எழுத்துகளுக்கு நடுவே அந்தச் சிவப்புக் குமிழ். வைரஸ் என்று ஒருவரும், மதர்போர்டு போய்விட்டது என்று இன்னொருவரும் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். புதுக் கீபோர்டின் விலையையும் விசாரித்து வைத்துக்கொண்டுதான் வாடிக்கையாளர் வந்திருப்பார்.

அந்தக் கீபோர்டைச் சட்டென்று விற்றுவிடாமல் இருப்பதுதான் நல்ல மெக்கானிக்கின் முதல் வேலை. ஓடும் கர்சர் பல சமயம் பழுதே கிடையாது.

இந்தக் குமிழ் வேலை செய்யும் விதத்திலேயே அதற்குக் காரணம் இருக்கிறது. முதலில் அது பிறந்த கதை. தட்டச்சு செய்யும் கை கீபோர்டை விட்டு மவுஸுக்குப் போக முக்கால் நொடி, திரும்பி வரவும் கிட்டத்தட்ட அதே நேரம் ஆகிறது என்று 1984 வாக்கில் படித்தார் டெட் செல்கர். பிறகு ஐபிஎம் ஆராய்ச்சிக்கூடத்தில் ஜோசப் ரட்லெட்ஜுடன் சேர்ந்து, கை நகராமலே கர்சரை நகர்த்தும் வழியைத் தேடினார். 1992 அக்டோபரில் வந்த திங்க்பேட் 700சி மாடலில் அது டிராக்பாயின்ட் என்ற பெயரில் கடைக்கு வந்தது. 2005இல் ஐபிஎம்மின் பர்சனல் கம்ப்யூட்டர் பிரிவை லெனோவோ வாங்கிய பிறகும் குமிழ் போகவில்லை. நாள் முழுக்கத் தட்டச்சு செய்பவர் ஒருமுறை பழகிவிட்டால் இதை விடமாட்டார்.

பார்க்க ஜாய்ஸ்டிக் போல இருந்தாலும் குமிழ் கண்ணுக்குத் தெரியும்படி அசைவதில்லை. அதன் அடியில் ஸ்ட்ரெயின் கேஜ் எனப்படும் சின்னச் சின்ன மின்தடைகள் பதிந்திருக்கின்றன. விரல் தள்ளும்போது அடித்தட்டு முடியளவு வளைகிறது. ஒரு பக்கத் தடை நீள, எதிர்ப்பக்கத் தடை சுருங்குகிறது. அந்த வித்தியாசத்தைத்தான் உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் கர்சரின் திசையாகவும் வேகமாகவும் மாற்றுகிறது. மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசுக்குள் இருப்பதும் இதே இனத்து உணரிதான். தராசில் பாத்திரத்தை வைத்து ஜீரோ பட்டனை அழுத்துகிறார் கடைக்காரர். பிறகு பாத்திரத்தை எடுத்தால் எண் மைனஸில் நிற்கிறது. குமிழிலும் நடப்பது அதுவே. என்ன, ஜீரோ பட்டனை அழுத்த அங்கே ஆள் கிடையாது; கன்ட்ரோலர் தானே அழுத்திக்கொள்கிறது. குமிழின் மேல் அழுத்தம் கொஞ்ச நேரம் மாறாமல் இருந்தால், ‘விரல் இல்லை, இதுதான் பூஜ்யம்’ என்று அது முடிவு செய்கிறது. நீளமான பக்கத்தைப் படித்தபடி விரலை ஒரே சீராக அழுத்தி வைத்திருப்பவருக்கு, விரலை எடுத்ததும் கர்சர் எதிர்த்திசையில் ஓடுவது அதனால்தான். தொடாமல் விட்டால் சில நொடிகளில் மறுபடி சரியான பூஜ்யத்தைப் பிடித்து நின்றுவிடும்.

ஆனால் யார் தொடாமல் விடுகிறார்கள்? ஓடும் கர்சரைப் பிடித்து நிறுத்த எதிர்ப்பக்கம் தள்ளத்தான் கை போகிறது. அந்தத் தள்ளலையும் கன்ட்ரோலர் பூஜ்யமாக எடுத்துக்கொள்ள, கர்சர் இன்னொரு பக்கம் ஓடுகிறது. கையை எடுங்கள் என்று சொல்லி, வாடிக்கையாளரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டுவதே பாதிச் சிகிச்சை.

திங்க்பேடின் பழுதுபார்ப்புக் கையேடே இதைக் குறையில்லை என்கிறது. லேப்டாப்பை ஆன் செய்ததும், தூக்கத்திலிருந்து எழுப்பியதும், குமிழை நெடுநேரம் அழுத்தியதும், சுற்றுப்புற வெப்பம் மாறியதும் கர்சர் சில நொடி நகரலாம் என்று நான்கு நேரங்களைச் சொல்கிறது. பொழிச்சலூர்க்காரருக்குக் கடைசிக் காரணம் மிக முக்கியம். சென்னையின் வெயில் கணக்கில் நுங்கம்பாக்கத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் மீனம்பாக்கம் இங்கிருந்து விமான நிலையத்துக்கு அந்தப் பக்கம்தான். ஓஎம்ஆர் ஏசி அறையில் குளிர்ந்திருந்த லேப்டாப், துரைப்பாக்கத்திலிருந்து பல்லாவரம் வரும் 200 அடி ரேடியல் ரோட்டில் முதுகுப்பையோடு வெயிலில் வருகிறது. வீட்டில் ஃபேனுக்குக் கீழே மூடியைத் திறந்ததும் விழிக்கிறது. தூக்கமும் வெப்பமும் ஒரே நேரத்தில் மாறினால் உணரியின் பூஜ்யம் தள்ளிப்போகத்தான் செய்யும். ஒரு நிமிடம் சும்மா விட்டுப் பார்க்காமல் இந்த நிலையில் எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

பல நிமிடம் ஆகியும் ஓட்டம் நிற்கவில்லை, எப்போதும் ஒரே திசை என்றால் விஷயம் வேறு. விரலைத் தவிர வேறு ஏதோ ஒன்று குமிழை அழுத்திக்கொண்டிருக்கிறது.

அதைத் தேடுவதில்தான் இந்தத் தொழிலின் சுவை. முதலில் ஓட்டுவது குமிழ்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். குமிழால் வரும் ஓட்டம் மெதுவானது, சீரானது. துள்ளித் துள்ளிக் குதித்தால் டச்பேடையோ எர்த் இல்லாத சார்ஜரையோ சந்தேகப்படலாம். பயாஸில் டிராக்பாயின்டை மட்டும் அணைத்துப் பார்த்தால் குழப்பம் தீரும். பிறகு குமிழின் சிவப்புத் தொப்பியைக் கழற்ற வேண்டும். தொப்பி இல்லாமல் கர்சர் நின்றால் குற்றவாளி கையிலேயே இருக்கிறது. பழைய தடிமனான மாடலுக்கான உயரத் தொப்பியை மெல்லிய லேப்டாப்பில் மாட்டியிருப்பார்கள். மூடியதும் ஸ்கிரீன் அதை அழுத்தும். கூட்டமான எலக்ட்ரிக் ரயிலில் முதுகுப்பை நசுங்கினால் இன்னும் மோசம். ஸ்கிரீனில் வட்டத் தடமே விழுந்துவிடும். உடைந்த பி எழுத்துக்குப் பதில் மாட்டிய டூப்ளிகேட் கீயின் விளிம்பு குமிழின் தண்டை உரசுவதும் உண்டு. நகத்தளவு பிஸ்கட் துணுக்கு போதும், அதே வேலையைச் செய்யும்.

தொப்பியை எடுத்தும் நிற்காவிட்டால் அடியில் பார்க்க வேண்டும். பழைய மாடல்களில் கீபோர்டைப் பிடிக்கும் ஸ்குரூக்கள் கீழிருந்து ஏறும், அளவும் ஒன்றுபோல் இருக்காது. முன்பு கழற்றியவர் நீள ஸ்குரூவைக் குட்டை ஸ்குரூவின் துளையில் போட்டிருந்தால் அதன் நுனி கீபோர்டின் தகட்டை மேலே தள்ளும். கேபிளைக் கழற்றாமல் கீபோர்டை மட்டும் தளர்த்தி, ஒரு தாளின் மேல் சாய்த்து வைத்துப் பார்க்கலாம். ஓட்டம் நின்றால் உணரி நல்லது, அழுத்தம் வெளியே இருக்கிறது.

இந்தக் கட்டத்தில் பேட்டரியைப் பார்க்காமல் விடுவது பெரிய தவறு. உப்பிய லித்தியம் பேட்டரி கீபோர்டையும் டச்பேடையும் அடியிலிருந்து தூக்கும். மேஜையில் வைத்தால் லேப்டாப் ஆடும், டச்பேட் கிளிக் ஆகாது, விளிம்பில் இடைவெளி தெரியும். கர்சர் ஓடுகிறது என்று கொண்டுவந்தவருக்கு அவர் மடியில் இருக்கும் ஆபத்து தெரியாது. அப்படிப்பட்ட பேட்டரியை அழுத்தவோ நெம்பவோ குத்தவோ கூடாது. கழற்றித் தனியே வைத்து, மறுபடி சார்ஜ் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அந்தக் கண்டிப்பு அவருடைய வீட்டையே காப்பாற்றக்கூடும்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. அழுத்தம் எவ்வளவு நேரம் மாறாமல் இருந்தால் பூஜ்யத்தைத் திருத்த வேண்டும் என்பதை டிரிஃப்ட் டைம் என்ற எண் தீர்மானிக்கிறது. வழக்கமான மதிப்பு 5. ஓர் அலகு 107 மில்லிநொடி, ஆக அரை நொடிக்குச் சற்று மேல். 25 என்று ஏற்றினால் இரண்டரை நொடியைத் தாண்டும். சீராக அழுத்திப் பழகிய விரல் உள்ளவருக்கு இது நிம்மதி. வெப்பத்தால் பூஜ்யம் தள்ளிப்போனால் திருத்தம் தாமதமாகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். விண்டோஸிலும் லினக்ஸிலும் சென்சிட்டிவிட்டியை மிகவும் ஏற்றி வைத்திருந்தால், அற்ப அழுத்தம்கூடப் பெரிய ஓட்டமாகத் தெரியும். அதைக் கொஞ்சம் இறக்கினாலே பலருக்குப் போதும்.

டீ கொட்டியோ கீழே விழுந்தோ உணரியே கெட்டிருந்தால் கீபோர்டை மாற்றத்தான் வேண்டும். பல மாடல்களில் குமிழ் கீபோர்டோடு ஒட்டிய ஒரே பாகம். பழைய சில மாடல்களில் குமிழ்ப் பகுதி மட்டும் தனியே வரும். அதற்காக ரிச்சி தெருவிலோ பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலோ கீகள் போன பழைய கீபோர்டு கண்ணில் பட்டால் மெக்கானிக் வாங்கி வைத்துக்கொள்வார். எதை மாற்றினாலும் உடனே கொடுத்துவிடக் கூடாது. சார்ஜரோடு அரை மணி ஓடவிட்டு, லேப்டாப் நன்றாகச் சூடேறிய பிறகு குமிழை ஒரே பக்கம் நெடுநேரம் அழுத்தி விடுகிறார் அவர். கர்சர் எதிர்ப்பக்கம் கொஞ்சம் போய் நின்றால், பையில் போட்டு எடுத்துக்கொண்டு போகலாம்.