தாய் துஞ்சாமை

இரவு இரண்டு பத்துக்கு விழிப்பு வரும். கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று எல்லாரும் சொல்வார்கள். பார்க்காமலே தெரியும். கொடைக்கானலில் அந்த நேரத்தில் தகரத்தில் பனி சொட்டும் சத்தம், எங்கோ ஒரு நாய், பக்கத்தில் கணவரின் சீரான மூச்சு, இவ்வளவுதான். மூன்றரை வருடம் இப்படிக் கிடந்தேன்.

முதல் இரண்டு வருடம் காரணத்தோடு விழித்தேன். மாமியார் படுத்த படுக்கையாக இருந்தார். இரவில் இரண்டு முறையாவது திருப்பிப் படுக்கவைக்காவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். “உனக்குத்தான் லேசான தூக்கம், நீ அம்மா ரூம்ல படுத்துக்கோ” என்றார் கணவர். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆனால் கல்யாணத்துக்கு முன்பு என்னை எழுப்ப முகத்தில் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. லேசான தூக்கம் என் பிறவிக் குணம் அல்ல, அந்த வீட்டில் நான் கற்றுக்கொண்ட வேலை. மாமியார் காலமான பின்னும் காது மட்டும் வேலையை விடவில்லை. இல்லாத ஒருவரின் முனகலுக்காக ஒன்றரை வருடம் விழித்தேன்.

ஒரு மருத்துவரிடம் போனேன். வயது நாற்பத்தாறு என்றதும் “அந்த வயசு அப்படித்தான்” என்று மாத்திரை எழுதினார். மாதவிடாய் நிற்கும் பருவத்தில் தூக்கம் கெடுவது உண்மைதான், மறுக்கவில்லை. பெண்களுக்குத் தூக்கமின்மை வரும் வாய்ப்பு ஆண்களைவிட ஏறத்தாழ 1.4 மடங்கு என்று, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2006ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று சொல்கிறது. கூடவே இன்னொரு கணக்கையும் வைத்துப் பாருங்கள். இந்திய அரசு 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்பவர்களில் பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டிருக்கிறார்கள். ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருந்த நேரம் எந்தக் கட்டத்தில் சேரும்? தூக்கம் என்ற கட்டத்தில்தான் சேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மாத்திரை தூக்கம் தந்தது. மறுநாள் முதல் மணி வகுப்பில் நாக்கு கனத்தது. அன்று நடத்தியது அகப்பொருள் இலக்கணம். குறிஞ்சிக்குரிய சிறுபொழுது யாமம், நள்ளிரவு. மலையில் இருந்துகொண்டு குறிஞ்சி நடத்துவதில் ஒரு கிறுக்கு சந்தோஷம் உண்டு எனக்கு. இரவுக்குறிக்குத் தலைவன் வருகிறான், தடைகள் வருகின்றன: நாய் தூங்கவில்லை, காவலர் சுற்றுகிறார்கள், நிலா வெளிப்படுகிறது, கோழி கூவிவிடுகிறது. அந்தத் தடைகளில் ஒன்று, தாய் துஞ்சாமை. கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். பின்வரிசையில் ஒரு மாணவி கேட்டாள்: “மேம், அந்த அம்மா ஏன் தூங்கல?”

மகளைக் காவல் காக்கத்தான் என்றேன். “எங்கம்மாவும்தான் தூங்க மாட்டேங்குது மேம், எனக்கு லவ்வெல்லாம் ஒண்ணும் இல்லையே” என்றாள் இன்னொருத்தி. வகுப்பு சிரித்தது. பதினெட்டு வருடமாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். தலைவி தூங்காததைப் பற்றி மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். தன் நோய் தெரியாமல் தூங்கும் ஊரைப் பார்த்து முட்டிக்கொள்ளட்டுமா, தாக்கட்டுமா என்று கொதிக்கும் ஔவையாரின் குறுந்தொகைப் பெண்ணை என் கட்டுரைகளில் கொண்டாடியிருக்கிறேன். அவள் காதலி. தாயோ தடை. நாயோடும் நிலாவோடும் ஒரே வரிசையில் அவளை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன்.

உடன் வேலை பார்க்கும் தோழிதான் அந்த உளவியலாளரைப் பற்றிச் சொன்னாள். ஐம்பதைத் தாண்டியவர். ஏரிச் சாலையிலிருந்து மேலேறும் சந்தில் வீடு, வாசலில் டேலியாச் செடிகள். ஹிப்னோதெரபி செய்கிறார் என்றதும் தயங்கினேன். நம் ஊரில் அதற்கு மனோவசியம் என்று பெயர். வசியம் என்ற சொல்லைக் கேட்டாலே பெண்ணுக்கு உடம்பு சுருங்கும். கோவாவில் பஞ்சிம் நகரத்தில் ஒரு சிலை பார்த்திருக்கிறேன். நீள அங்கி போட்ட ஒரு பாதிரியார் இரண்டு கையையும் விரித்துக் குனிந்து நிற்க, அவர் முன்னால் ஒரு பெண் பின்பக்கமாகச் சரிந்துகொண்டிருப்பாள். அவர் கோவாவில் பிறந்து பாரீஸில் பேர்பெற்ற அபே ஃபாரியா. 1945இல் வைத்த சிலை அது. பார்த்தபோது கோபம்தான் வந்தது. பிறகு படித்தபோதுதான் தெரிந்தது, சிலைக்கு நேர் எதிரானதை அவர் சொல்லியிருக்கிறார்: வசியம் செய்பவரிடமிருந்து எந்தச் சக்தியும் பாய்வதில்லை, நடப்பதெல்லாம் உட்கார்ந்திருப்பவரின் மனத்துக்குள்தான். 1819இல் அவர் புத்தகம் வந்தது, அதே ஆண்டில் இறந்தும் போனார். சிற்பி அந்தப் பெண்ணை உட்காரவாவது வைத்திருக்கலாம்.

தமிழில் இதற்கு அறிதுயில் என்றும் ஒரு சொல் புழங்குகிறது. அறிந்தபடியே துயில்வது. பாற்கடலில் திருமால் கொள்வது அதுதான். நல்ல சொல். ஆனால் அவர் காலடியில் உட்கார்ந்து கால் பிடிக்கும் திருமகள் எப்போது தூங்குவாள் என்று கேட்டுவிடாதீர்கள்.

முதல் நாள் முழுக்கக் கேள்விகள்தான். எப்போது படுப்பீர்கள், காபி எத்தனை, மாத்திரை எழுதிய மருத்துவரிடம் கேட்காமல் நிறுத்தாதீர்கள். அடுத்த வாரம், கதவைத் திறந்து வைத்தே, நாற்காலியில் சாயச் சொன்னார். சுவரில் ஒரு புள்ளியைப் பார்க்க வேண்டும், இமை கனக்கும்போது மூடலாம். “ஒரு கடற்கரை. நீங்கள் மட்டும் மணலில் படுத்திருக்கிறீர்கள்” என்று ஆரம்பித்தார். எனக்கு உடனே யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்க்கத் தோன்றியது. தனியாகக் கடற்கரையில் படுக்கும் தைரியம் எந்தப் பெண்ணுக்கு இருக்கிறது? கண்ணைத் திறந்துவிட்டேன். அவர் சிரித்துவிட்டார். சரி, பத்துப் படி இறங்குவோம் என்றார். கொடைக்கானல்காரிக்குப் படி என்றால் முழங்கால் ஞாபகம்தான் வரும். கடைசியில், “நீங்கள் நிம்மதியாகத் தூங்கிய இடம் எது, சொல்லுங்கள்” என்றார்.

யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. வத்தலக்குண்டிலிருந்து மலையேறும் கடைசிப் பேருந்து. அப்பாவுக்குக் கொடைக்கானலில் வேலை, அம்மாவுக்குப் பிறந்த வீடு வத்தலக்குண்டு. மாதம் இரண்டு தடவை அந்தப் பயணம். காட்ரோடு தாண்டி ஏற்றம் ஆரம்பித்ததும் எனக்குக் கண் சொருகும். டம்டம் பாறையில் ஜன்னல் வழியாகக் குளிர் நுழையும், அம்மா முந்தானையால் என் காதை மூடுவார். ஊத்து, பெருமாள் மலை என்று கண்டக்டர் குரல் கொடுப்பது கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல் இருக்கும். ஒவ்வொரு வளைவிலும் உடம்பு சரியும், சரியும் பக்கம் அம்மா கை இருக்கும்.

அதையே திருப்பிச் சொன்னார் அவர், மெதுவாக, வளைவு வளைவாக. “அம்மா பிடித்துக்கொண்டிருக்கிறார். பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. உங்கள் காது இனி ஓய்வெடுக்கலாம்.” நான் தூங்கவில்லை. வாசலில் ஆட்டோ போனதுகூடக் கேட்டது. ஆனால் அது எனக்கான சத்தமில்லை என்று தோன்றியது. மூன்றரை வருடத்தில் முதல் தடவையாக. கன்னம் நனைந்திருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

இருபது நிமிடப் பதிவொன்று போனில் தந்தார். தினமும் படுக்கும்போது கேட்க வேண்டும். ஸ்விட்சர்லாந்தில் 2014இல் வந்த ஆய்வொன்றைச் சொன்னார். ஆரோக்கியமான 70 இளம்பெண்களுக்குப் பகல் தூக்கத்துக்கு முன்பு, மீன் ஆழ்கடலுக்குள் நீந்திப்போவதுபோன்ற பதிவைப் போட்டிருக்கிறார்கள். எளிதில் அறிதுயிலுக்குள் போகக்கூடிய பெண்களுக்கு ஆழ்ந்த தூக்கம் 80 சதவீதம் கூடியிருக்கிறது. மற்றவர்களுக்குப் பலனில்லை. அவர்கள் தூக்கமின்மை நோயாளிகள் அல்ல என்பதையும் அவரே சொன்னார், அதனால்தான் அவரை நம்பினேன். விடிந்ததும் ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்துவிடுவது போன்ற சலிப்பான விதிகளையும் விடாமல் வைத்தார். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது இவ்வகை நடத்தைச் சிகிச்சைதான் என்று 2016இல் அமெரிக்க மருத்துவர் சங்கம் ஒன்று பரிந்துரைத்திருக்கிறது. எனக்குப் பதிவு உதவியதா, விதி உதவியதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆறாவது வாரத்தில் ஏழு இரவுகளில் ஐந்து, இரண்டு பத்தைத் தாண்டிப் போயின.

மீதி இரண்டு, குழாயில் தண்ணீர் விடும் நாட்கள். விடியற்காலை வரும், மோட்டார் போட வேண்டும். “அந்த இரண்டு நாளும் நான் பொய் சொல்கிறேன் இல்லையா? பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்கிறேன், ஆனால் இல்லையே” என்றார் உளவியலாளர். அன்றிரவு கணவரிடம் பேசினேன். அலாரம் இப்போது அவர் தலைமாட்டில். இரண்டு தடவை அணைத்துவிட்டுத் தூங்கிவிட்டார். தொட்டி காலி, அரை வாளியில் குளித்துவிட்டு வகுப்புக்குப் போனேன். அலாரம் கேட்டும் எழாமல் படுத்திருந்ததுதான் சிகிச்சையிலேயே கஷ்டமான பகுதி.

போன மாதம் அம்மாவிடம் கேட்டேன், அந்தப் பேருந்தில் நீங்க தூங்கியதுண்டா என்று.

“நான் தூங்குனா உன்னய யாருடி புடிக்கிறது?” என்றார். இப்போது தூக்கம் எப்படி என்றேன். “என்னத்த தூக்கம். ராத்திரியில நாலஞ்சு தடவ எந்திரிச்சு கதவப் பாப்பேன்.” எழுபத்திரண்டு வயது. வீட்டில் அவர் மட்டும்தான்.

என் பதிவை அவருக்கு அனுப்ப முடியாது, அதில் அவர்தானே விழித்திருக்கிறார். என் குரலில் புதிதாக ஒன்று பேசினேன். அம்மா ஜன்னல் ஓரம், நான் நடைபாதைப் பக்கம். வளைவில் பிடிப்பது நான். மூன்று தடவை தொண்டை அடைத்து நிறுத்தி, நான்காவது தடவை முடித்தேன்.

மறுநாள் போன் வந்தது. “எந்த ஊரு வரைக்கும் சொன்ன? எனக்கு வாழகிரிக்கு மேல ஞாபகம் இல்ல.” அடுத்த நாள் கேட்டீங்களா என்றேன். சார்ஜ் போட மறந்துட்டேன், ராத்திரி பூரா முழிச்சுத்தான் கெடந்தேன் என்றார்.