தூசி யாரோடது?

பெரம்பலூர் நாலு ரோட்டுல இறங்கி அரியலூர் பஸ் ஏறினா ஜன்னல் ஓரம் உக்காரக் கூடாதுங்கறது எங்க வீட்டுல எழுதப்படாத சட்டம். அரியலூர் நெருங்க நெருங்க ரோட்டோர சீமைக்கருவேலம் எல்லாம் பவுடர் பூசின மாதிரி நிக்கும். முன்னாடி சுண்ணாம்புக்கல் டிப்பர் ஒண்ணு போச்சுன்னா நமக்கும் ஓசியில பவுடர் :-)

சென்னையில பொட்டி தட்டுற எனக்கு இந்த பாக்கியம் வருஷத்துக்கு நாலு தடவைதான். பெரியப்பாவுக்கு தினமும். ரெண்டு வருஷமா இன்ஹேலர் இல்லாம அவர் வெளியே கிளம்பறதில்லை.

போன வருஷம் எங்க ஊர் பக்கத்துல ஒரு சுரங்க விரிவாக்கத்துக்கு கருத்துக்கேட்புக் கூட்டம். லீவு சொல்லிட்டு பெரியப்பாவோட போனேன். பந்தல், பிளாஸ்டிக் சேர், மோர். கம்பெனி அமர்த்தின ஆலோசகர் திரையில கலர் கலரா வரைபடம் காட்டிட்டு, "இந்தப் பகுதியில இயற்கையாவே தூசி அதிகம். திட்டத்தால கூடப்போறது ரொம்பக் கொஞ்சம்"னு முடிச்சார்.

பெரியப்பா மைக்கை வாங்கினார். "ஐயா, ஆடிக்காத்துல வர்ற தூசி செவப்பா இருக்கும். எங்க திண்ணையில தினம் தொடைக்கறது வெள்ளையா இருக்கே. அது எந்த இயற்கைங்க?"

கைதட்டல். பதில்? "குறிச்சிக்கிட்டோம்."

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. அறிக்கையை எடுத்து வச்சுப் படிச்சேன். 2006ல வந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி திட்டம் கொண்டு வர்ற கம்பெனியேதான் ஆலோசகரை அமர்த்தி சம்பளம் கொடுக்கணும். அவர் மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்துல காத்தை அளக்கிறார். அந்த 'அடிப்படை அளவோட', புதுச் சுரங்கத்தால எவ்வளவு கூடும்னு கம்ப்யூட்டர் மாடல் சொல்றதைக் கூட்டறார். பிஎம்10 துகள் 24 மணி நேர சராசரியா ஒரு கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராம் தாண்டலைன்னா பாஸ்.

கணக்குல தப்பில்லை. ஆனா அந்த அடிப்படை அளவுக்குள்ள ஏற்கனவே ஓடுற சுரங்கம், சிமெண்ட் ஆலை, டிப்பர் எல்லாமே இருக்கு. நம்ம தொழில்ல பழைய பக் எல்லாத்தையும் "சிஸ்டமே அப்படித்தான் சார்"னு கிளையன்ட் கிட்ட சொல்லுவோமே, அந்தக் கதை. அதுக்குப் போய் இயற்கைன்னு பேர் வைக்கலாமா? போதாக்குறைக்கு அவங்க அளந்தது டிசம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும். நிஜமாவே இயற்கை மண்ணை வாரி இறைக்கிற ஆடியில அளக்கவே இல்லை.

பிரிச்சுப் பார்க்க வழி இருக்கு. வடிகட்டித்தாள்ல படியற தூசியை வேதியியலா ஆராயணும். சிலிக்கானும் அலுமினியமும் தூக்கலா இருந்தா மண். கால்சியம் தூக்கலா இருந்தா சுண்ணாம்பு, சிமெண்ட். சென்னை உட்பட ஆறு நகரங்கள்ல மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இந்த மாதிரி ஆய்வு பண்ணி 2011ல அறிக்கையே போட்டிருக்கு. பெரியப்பா பண்ணினதும் அதேதான், ஆய்வகம் இல்லாம :-)

ஆனா இங்கதான் எனக்கே ஒரு இடி. எங்க பூமி டைனோசர் காலத்துல கடல். கல்லங்குறிச்சிப் பக்கம் பாறையில சிப்பி சிப்பியா கிடக்கும். அந்தக் கடல் விட்டுட்டுப் போனதுதான் இன்னைக்கு வெட்டுற சுண்ணாம்புக்கல். அப்போ நம்ம வயக்காட்டு மண்ணுலயும் சுண்ணாம்பு கலந்திருக்கும்ல? திண்ணையில படியற வெள்ளையில கொஞ்சம் நிஜமாவே இயற்கையா இருக்கலாம். வேற ஊர் மண்ணோட கணக்கைக் கடன் வாங்கிப் போட்டா விடை தப்பா வரும். அது கம்பெனிக்கு சாதகமாவும் போகலாம், நமக்கு சாதகமாவும் போகலாம்.

மரமும் இப்படித்தான். நம்ம பக்கத்து தைலமரக் காடுகள் வெயில் ஏற ஏற ஐசோப்ரீன்னு ஒரு வாயுவை விடும். லாரிப் புகையில இருக்கற நைட்ரஜன் ஆக்சைடோட வெயில்ல அது சேர்ந்தா ஓசோன். இன்ஹேலர்காரங்களுக்கு அதுவும் ஆகாது. இலைப் பரப்பு, வெப்பம், வெளிச்சம் வச்சு இதைக் கணக்குப் போட மேகன்னு ஒரு மாடல் இருக்கு. உலகம் பூரா பயன்படுத்துறாங்க. ஆனா அமெரிக்காவோட மேற்கு மாநிலங்கள், பொதுக்கணக்கு நம்ம பகுதிக்குப் போதாதுன்னு ஆலோசகர்களை அமர்த்தி, மேகனை உருவாக்கின விஞ்ஞானியையும் சேர்த்துக்கிட்டு, 2012ல தங்களுக்குன்னு கணக்கைத் திருத்தி வாங்கினாங்க. கவனிங்க, அவங்களை அமர்த்தினது அரசுகள். எந்த ஆலையும் இல்லை.

நமக்கும் அது வேணும். கம்பெனி சம்பளம் வாங்காத ஆலோசகர். தரிசு மண், சுரங்க மண், ரோட்டு மண் மூணும் தனித்தனியா. ஆடியும் சேர்த்து முழு வருஷ அளவு. இதையே மனுவா எழுதி கலெக்டர் ஆபீஸ்ல கொடுத்தேன்.

கொடுக்கறதுக்கு முன்னாடி பெரியப்பா கிட்ட தயங்கித் தயங்கி சொன்னேன். "வெள்ளையிலயும் கொஞ்சம் இயற்கை இருக்கலாம் பெரியப்பா. அளந்தா நமக்கு எதிராக் கூட வரும்."

இன்ஹேலரை ஒரு இழுப்பு இழுத்துட்டு சொன்னார்: "வரட்டுமேடா தம்பி. கடலோட பங்கைக் கடலுக்கு எழுதிடுவோம். மிச்சம் யார் பங்குன்னு தெரிஞ்சா போதும்."

மனு போயிருக்கு. பதில் இன்னும் வரல. அடுத்த வாரம் ஊருக்குப் போறேன். ஜன்னல் ஓரம் இல்லாம ஒரு சீட்டு பார்க்கணும்.