மாப்பிள்ளைக்கு ஜாமீன்

ஸ்டான்லி க்ராமரின் ‘கெஸ் ஹூ ஈஸ் கமிங் டு டின்னர்’ (1967) படத்தை நண்பர்கள் ஏளனமாகவே குறிப்பிடுகிறார்கள். நிறப் பிரச்னையைப் பணக்கார வரவேற்பறையில் உட்காரவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்து, சிரிக்கவும் வைத்து அனுப்பும் படம் என்று. மறுப்பதற்கில்லை. ஆனால் மூன்று தடவை பார்த்தாயிற்று; மூன்று தடவையும் சிரித்தேன். எதற்குச் சிரித்தேன் என்பதுதான் என்னைத் தொந்தரவு செய்கிறது.

கதை சின்னது. ஸான்ஃபிரான்சிஸ்கோவில் பத்திரிகை நடத்தும் முற்போக்காளர் மாட் ட்ரேட்டன். ஹவாயில் பத்து நாள் பழகிய கறுப்பு டாக்டர் ஒருவரை மணக்கப்போவதாக மகள் வீட்டுக்கு அழைத்து வருகிறாள். இரவு விமானத்துக்குள் பெற்றோர் சம்மதம் சொல்லியாக வேண்டும்.

என் பிழைப்பு வங்கியில், கடன் மனுக்களோடு. ஆள்மேல் நம்பிக்கை குறையக் குறைய நாங்கள் கேட்கும் ஜாமீன் கூடும். சிட்னி பாய்ட்டியர் நடித்த ஜான் ப்ரென்டிஸ் கொண்டுவரும் ஜாமீனைப் பாருங்கள்: உலகப் புகழ், அப்பழுக்கற்ற நடத்தை, விபத்தில் மனைவியையும் மகனையும் பறிகொடுத்த துக்கம், கல்யாணத்துக்கு முன் பெண்ணைத் தொட மறுக்கும் கட்டுப்பாடு. மாட்டின் அறையிலிருந்து வெளியூருக்கு டெலிபோன் பேசிவிட்டு, அதற்கான காசை மேஜைமேல் வைத்துவிடுகிறார். நான் சிரித்த இடங்களில் இது ஒன்று. ஒரு வெள்ளைக்கார மாப்பிள்ளை இதைச் செய்தால் கிறுக்கன் என்றிருப்பார்கள். குறை சொல்ல நிறத்தைத் தவிர வேறொன்றும் மிஞ்சக்கூடாது என்பது க்ராமரின் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் நிறம் ஒரு பொருட்டல்ல என்று சொல்ல வந்த படம், நிறத்துக்கு இவ்வளவு விலை வசூலித்துவிடுகிறது. இருபத்துமூன்று வயதுப் பெண்ணிடம் யாரும் ஒரு சான்றிதழும் கேட்கவில்லை. பெற்றோர் மனப்பூர்வமாகச் சம்மதிக்காவிட்டால் விலகிக்கொள்வதாக அவர்களிடம் தனியே சொல்லும் ப்ரென்டிஸ், அதை அவளிடம் சொல்வதில்லை. இதை வெறும் மரியாதை என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. மனு திருப்பி அனுப்பப்படலாம் என்று தெரிந்தவனின் ஜாக்கிரதை இது.

படத்துக்கே ஜாமீன் தேவைப்பட்டது என்பது வேறு கதை. மாட்டாக நடித்த ஸ்பென்சர் ட்ரேஸியின் உடல்நிலையைப் பார்த்து இன்ஷூரன்ஸ்காரர்கள் கைவிரித்துவிட, க்ராமரும் காதரின் ஹெப்பர்னும் தங்கள் சம்பளத்தையே ஈடாக வைத்தார்கள். தன் பகுதியை முடித்த பதினேழாம் நாள், 1967 ஜூன் 10 அன்று, ட்ரேஸி இறந்தார். ஜூன் 12-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நிறம் மாறிய திருமணங்களைத் தடுக்கும் சட்டங்கள் செல்லாது என்றது. வழக்குத் தொடுத்த லவிங் தம்பதியில் கணவர் கொத்தனார் வேலை பார்த்தவர். 1958-ல் அவர்களைக் கைது செய்த வர்ஜீனியா, உலகப் புகழையெல்லாம் விசாரிக்கவில்லை. டிசம்பரில் படம் வெளியானபோது, பதினாறு பதினேழு மாநிலங்களில் நீங்கள் குற்றவாளிகள் என்று மாப்பிள்ளையின் தகப்பனார் எச்சரிக்கும் வசனம் பழசாகியிருந்தது. அந்தப் பயம் பழசாகவில்லை.

அந்தத் தகப்பனார்தான் படத்தில் எனக்கு நிஜமான மனிதர். ஓய்வுபெற்ற தபால்காரர். எழுபத்தைந்தாயிரம் மைல் பை சுமந்து படிக்கவைத்ததை மகனுக்கு நினைவூட்டுகிறார். நான் உங்களுக்குக் கடன்பட்டவனல்ல என்கிறான் மகன். நியாயமான பதில், ஆனாலும் அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க முடியாமல் தலையைத் திருப்பிக்கொண்டேன். ட்ரேட்டனின் முற்போக்குக்கு நேரும் சங்கடம் நகைச்சுவை. இவருடைய பயத்தில் சிரிக்க ஒன்றுமில்லை. க்ராமருக்கும் அங்கே என்ன செய்வதென்று தெரியவில்லை. (தாயாக நடித்த பியா ரிச்சர்ட்ஸ் பாய்ட்டியரைவிட ஏழு வயதுதான் மூத்தவர். அவர் பேசும்போது அது நினைவுக்கே வருவதில்லை.)

2005-ல் இதையே தலைகீழாக்கி, கறுப்புக் குடும்பத்துக்கு வெள்ளை மாப்பிள்ளையை அனுப்பி ஒரு படம் எடுத்தார்கள். அந்தப் பையன் அசடாக இருக்கலாம், வேலை போனதை மறைக்கலாம். கல்யாணத்துக்கு அதெல்லாம் தடையில்லை.

பழைய படத்தில் ப்ரென்டிஸை மிகக் கடுமையாகத் திட்டுகிறவள் கறுப்பு வேலைக்காரி டில்லி. மாட் தீர்ப்புச் சொல்லும்போது அவளையும் வீட்டு மனுஷியாகக் கூப்பிட்டு வைத்துக்கொள்கிறார். தீர்ப்பு முடிந்ததும் அவளிடம் கேட்பது, சாப்பாடு எப்போது என்று.